பள்ளி முதலிடம், மதிப்பெண் சைபர்

விடைத்தாள் திருத்துவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிக் அடிக்கத் தெரியாதவர்கள் யாரும் இந்த வேலைக்கு வந்திருக்க மாட்டீர்கள். திருத்தி முடித்த பிறகு வருகிற தொல்லைகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பதினோரு வருடம் இந்தப் போட்டிக்கு மதிப்பெண் பொறுப்பாளராக இருந்திருக்கிறேன். வந்த தொல்லைகளில் முக்கால்வாசியை என் கையாலேயே தயாரித்தேன் என்ற கூடுதல் தகுதியும் எனக்கு உண்டு.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக முதலில் இரண்டு விஷயம். நம் ஊர்க் கணக்கு ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் இந்தப் போட்டி நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. இருபத்தைந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் அ, ஆ, இ, ஈ என்று நான்கு விடை, சரியான விடைக்கு எதிரே உள்ள வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும். கேள்விக்கு இரண்டு மதிப்பெண் வீதம் மொத்தம் ஐம்பது. ஒட்டுமொத்தப் பரிசுகள் தவிர, கலந்துகொள்ளும் ஒவ்வொரு பள்ளியிலும் முதலிடம் பெறும் பிள்ளைக்கு ஒரு பதக்கம் உண்டு. சின்னப் பள்ளிகள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு.

ஒரு வருடம் அப்படிப் பள்ளி முதலிடம் வாங்கிய பையனை மேடையில் நிறுத்தி, "எப்படிப்பா இவ்ளோ நல்லா பண்ண?" என்று கேட்டேன். மைக் அவன் வாயருகே இருந்தது.

"மொதல்ல அ, அப்புறம் ஆ, அப்புறம் இ, ஈ. அப்புறம் திரும்பி ஈ, இ, ஆ, அ. கோலம் மாதிரி வந்துச்சு மிஸ்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எரிந்தது. ஒரு கேள்வியைக்கூடப் படிக்காமல் கோலம் போட்டவனுக்கு என் கையால் பதக்கம் மாட்டியிருக்கிறேன். அடுத்த கூட்டத்திலேயே புது விதி கொண்டுவந்தேன். சரியான விடைக்கு இரண்டு மதிப்பெண். தவறான விடைக்கு ஒன்று கழிக்கப்படும். குறிக்காமல் விட்டால் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. இனிமேல் எவன் கோலம் போடுகிறான் என்று பார்த்துவிடலாம்.

எதிர்த்தவர் சலீம் சார் ஒருவர்தான். கணினியில் மதிப்பெண் பட்டியல் போடும் வேலை அவருடையது. அவர் வீட்டில் மூன்று தலைமுறையாகத் துணி வியாபாரம். "துணிய அளடான்னாங்க, நான் புள்ளைங்கள அளக்க வந்துட்டேன்" என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார்.

"டீச்சர், மைனஸ் நம்பரே ஆறாங்கிளாஸ்லதான் வருது" என்றார். "நாலாங்கிளாஸ் புள்ளைக்கு மைனஸ் நாலு மார்க்குன்னு குடுத்தா, அது அத எங்க கொண்டுபோய் வச்சுக்கும்?"

"தெரியலன்னா விட்டுடட்டும் சார். குறிச்சாத்தான கழிக்கப்போறோம்?"

"நீங்க சொன்னா விட்டுடுவாங்களா?"

"மைக்ல சொல்றேன்."

சொன்னேன். தேர்வன்று மூன்று தரம் சொன்னேன். "உறுதியாத் தெரிஞ்சா மட்டும் குறிங்க. துளி சந்தேகம் இருந்தாலும் விட்டுடுங்க. தப்பாக் குறிச்சா மார்க் போயிடும்." பிள்ளைகள் எல்லோரும் கோரஸாக "சரிங்க மிஸ்" என்றார்கள். தாளை வாங்கியதும் இருபத்தைந்து கேள்விக்கும் ஆளுக்கொரு வட்டத்தை மளமளவென்று கருப்பாக்கினார்கள். பத்து வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலையும் முன்னால் காலி வட்டத்தையும் வைத்துவிட்டு, நிரப்பாதே என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

ஒருத்தி கேட்டாள்.

அவள் தாளைத் திருத்தியது நான்தான். தர்ஷினி, நான்காம் வகுப்பு, செங்கம் சாலையில் ஊரைத் தாண்டியிருக்கும் ஒரு சின்னப் பள்ளி. பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம் தாளின் மேலே மணிமணியான எழுத்தில் இருந்தது. கீழே இருபத்தைந்து கேள்விக்கும் எதிரே ஒரு புள்ளிகூட இல்லை. பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்துச் சிவப்பு மையில் ஒரு சைபர் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போனேன். அதை எடுத்துத் திருத்த எனக்கு ஐந்து நொடி ஆகியிருக்கும். அதற்காக நான் பிறகு செலவழித்த நேரத்தைக் கணக்குப் போட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

அந்தப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் ஆறு பேர். மற்ற ஐந்து பேரும் அத்தனை கேள்விக்கும் வட்டத்தை நிரப்பியிருந்தார்கள். மைனஸ் ஒன்று, மைனஸ் நான்கு, மறுபடியும் மைனஸ் நான்கு, மைனஸ் ஏழு, மைனஸ் பத்து. கணினிக்கு இரக்கமும் கிடையாது, வெட்கமும் கிடையாது. ஆறு எண்களில் எது பெரியது என்று பார்த்தது. சைபர் பெரியது. பள்ளி முதலிடம், தர்ஷினி.

நாற்பது பள்ளிகளின் பட்டியலையும் சலீம் சார் என் முன்னால் வைத்தார். நான் பெயர்களை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். மதிப்பெண் பத்தியைப் பார்க்கவில்லை. கணினி போட்டது எப்படித் தப்பாகும்? பெயர்ப் பட்டியல் அன்று மாலையே எல்லாப் பள்ளிகளின் வாட்ஸ்அப் குழுவுக்கும் போய்விட்டது.

அந்தப் பள்ளிக்கு அதற்கு முன்பு எதிலும் எந்தப் பரிசும் வந்ததில்லையாம். தலைமையாசிரியை இரண்டே நாளில் பள்ளிச் சுவரில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார். அதில் தர்ஷினி இரட்டைப் பின்னலோடு நிற்க, கீழே 'கணிதப் புயல் - பள்ளி முதலிடம்' என்று எழுதியிருந்தது. அவள் அப்பா ஆட்டோ ஓட்டுபவர். அதே படத்தைச் சிறிதாக அச்சடித்து ஆட்டோவின் பின்பக்கம் ஒட்டிவிட்டார். பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த வெளியூர் ஜனங்கள்கூட கணிதப் புயலைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருப்பார்கள்.

பரிசளிப்புக்கு முந்தின நாள் மத்தியானம் சான்றிதழ் அச்சடிப்பவரிடமிருந்து போன் வந்தது.

"டீச்சர், ஒரு சர்டிபிகேட்ல முதலிடம்னு போட்டு மார்க் வெறும் சைபர்னு இருக்கு. முன்னாடி ஒரு நம்பர் விட்டுப்போச்சா?"

"எந்தப் பள்ளி?"

சொன்னார். எனக்கு அந்த மணிமணியான எழுத்து சட்டென்று ஞாபகம் வந்தது. "இருங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று போனை வைத்தேன். அலமாரியைத் திறந்து அவள் தாளை எடுத்தேன். நான் போட்ட சிவப்பு சைபர் அப்படியே இருந்தது. கோலம் போட்டவனுக்குப் பதக்கம் போகக் கூடாது என்று விதி போட்டேன். இப்போது புள்ளிகூட வைக்காதவளுக்குப் போகிறது.

அச்சடிப்பவருக்குத் திரும்ப போன் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் சமையல் வேலை செய்யும் பெண். தர்ஷினியோடு தேர்வு எழுதிய கோகுலின் அம்மா. கையில் கேள்வித்தாள் இருந்தது. வாட்ஸ்அப்பில் நாங்கள் அனுப்பிய விடைகளோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருக்கிறார்.

"மேடம், எம்புள்ள எட்டு கணக்கு கரெக்டா போட்டிருக்கான். பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணு ஒன்னுகூடப் போடலன்னு சொல்றான். அந்தப் பொண்ணுக்கு மெடலாம். எட்டு பெருசா, சைபர் பெருசா? நீங்களே சொல்லுங்க. நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன்."

முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், விளக்க ஆரம்பித்தேன்.

"எட்டுதாம்மா பெருசு. ஆனா அவன் மீதி பதினேழையும் தப்பாக் குறிச்சிருக்கான். எட்டுக்கு ரெண்டு ரெண்டா பதினாறு. அதுல பதினேழு போயிடுது..."

"பதினாறுல பதினேழு எப்படி மேடம் போவும்?"

ஆறாம் வகுப்பில் வரும் பாடத்தை வாசலில் நின்று அவருக்கு நடத்த எனக்குத் தைரியம் இல்லை. நாளைக்குள் பதில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு நேராக சலீம் சார் வீட்டுக்குப் போனேன். போகும் வழியில் போட்டிக் குழுவில் இரண்டு பேரிடம் போனில் கேட்டேன். ஒருவர் பதக்கத்தை நிறுத்திவிடச் சொன்னார். இன்னொருவர் ஒரு வழி சொன்னார். "அச்சுப் பிழைன்னு சொல்லி கோகுலுக்குக் குடுத்துடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

சலீம் சார் தாளைப் பார்த்தார். முதலில் வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"டீச்சர், ரூல் போட்டது யாரு?"

"நான்தான்."

"மைக்ல சொன்னது?"

"நான்தான்."

"ஆறு புள்ளைங்கள்ல அத காதுல வாங்கினது இது ஒன்னுதான். இப்ப ரூல் சரியில்லன்னு இதுகிட்டயே போய் மெடலப் புடுங்கப் போறீங்களா?"

"அப்ப கோகுலுக்கு என்ன சார் சொல்றது?"

"நாம தப்பு பண்ணிட்டோம்னு சொல்லுங்க. அத விட்டா வேற என்ன இருக்கு?"

நான் அன்று எடுத்த முடிவு இதுதான். முடிவு வெளியான பிறகு விதியை மாற்றுவதில்லை. பதக்கம் தர்ஷினிக்குத்தான். ஆனால் மற்ற ஐந்து பேருக்கும் எத்தனை விடை சரி என்று நானே என் கையெழுத்தில் சான்றிதழில் எழுதித்தருவேன். சரியான முடிவா என்று கேட்டால் இன்றைக்கும் முழுமனதோடு ஆமாம் என்று சொல்ல மாட்டேன். இருந்த வழிகளில் பொய் இல்லாதது அது ஒன்றுதான். கோகுலின் அம்மாவிடம் போனில் சொன்னேன். "எழுதிக் குடுங்க மேடம், எட்டுன்னு பெருசா எழுதுங்க" என்றார். சமாதானம் ஆகவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

இவ்வளவு யோசித்தவள், அச்சடிப்பவருக்கு போன் செய்ய மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில் பரிசளிப்பு. மேடையேற வரிசையில் நின்ற பிள்ளைகளில் தர்ஷினியைக் கண்டுபிடித்துத் தனியே அழைத்தேன்.

"ஏம்மா, ஒரு கேள்விக்குக்கூடவா விடை தெரியல?"

"அஞ்சாறு தெரியும் மிஸ். ஆனா துளி சந்தேகம் இருந்துச்சு."

'துளி' என்பது நான் மைக்கில் சொன்ன அதே சொல். அவளை எதிலும் குறை சொல்ல முடியவில்லை. "உனக்கு மார்க் சைபர்தாம்மா. மத்தவங்களுக்கு அதுக்கும் கம்மி. அதனாலதான் நீ முதல்" என்றேன்.

"சைபருக்குக் கம்மியா மார்க் இருக்கா மிஸ்?"

"நாங்க பண்ணிட்டோம்."

விழா முடிந்ததும் அவள் அப்பாவிடமும் தலைமையாசிரியையிடமும் பக்குவமாகச் சொல்லலாம் என்பது என் திட்டம். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, சிறப்பு விருந்தினர் அவள் சான்றிதழைக் கையில் எடுக்கிறவரை. அவர் ஓய்வு பெற்ற பொறியாளர், உற்சாகமான மனிதர். பெயரைப் படித்தார், பள்ளியைப் படித்தார், பிறகு குரலை உயர்த்தினார்.

"ஐம்பதுக்கு ஐம்பது! முழு மதிப்பெண்!"

என் போனுக்காகக் காத்திருந்து பார்த்த அச்சடிப்பவர், முதலிடம் என்றால் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று தானே ஒரு ஐந்தைச் சேர்த்திருக்கிறார். கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது. அவள் அப்பா பின்வரிசையில் நாற்காலி மேல் ஏறி நின்று போட்டோ எடுத்தார். முன்வரிசையில் இன்னொரு அப்பா எழுந்து நின்றார். அவர் மகன்தான் ஒட்டுமொத்தத்தில் முதல், நாற்பத்தேழு மதிப்பெண். "அப்போ எம்பையன் எப்படிங்க ஃபர்ஸ்ட்டு?" என்று அவர் கேட்டது கைதட்டலையும் மீறி என் காதில் விழுந்தது.

எனக்குக் கால் நகரவில்லை. மேடை பத்தடி தூரம்தான். அந்த நேரத்தில் என் புத்தியில் ஓடியது என்ன தெரியுமா? விட்டுவிடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

தர்ஷினி சான்றிதழை வாங்கினாள், பார்த்தாள், விருந்தினரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் குனிந்தபோது மைக்கும் கூடவே குனிந்தது.

"சார், இது தப்பு. எனக்கு சைபர்."

அப்போதுதான் என் கால்கள் நகர்ந்தன. மேலே ஏறி மைக்கை வாங்கினேன்.

"அந்தப் பொண்ணு சொல்றது சரி. அவ வாங்கினது சைபர். அச்சுல ஐம்பதுன்னு வந்தது என்னால வந்த தப்பு. தப்பு விடைக்கு மார்க் கழிப்போம்னு விதி போட்டேன். இவ பள்ளியில மத்தவங்க எல்லாரும் சைபருக்குக் கீழ போயிட்டாங்க. விதிப்படி இவதான் முதல். விதியில ஓட்டை இருக்கு. அதப் போட்டதும் நான்தான்."

கொஞ்சம் பேர் சிரித்தார்கள். கொஞ்சம் பேர் முணுமுணுத்தார்கள். நாற்பத்தேழு வாங்கியவனின் அப்பா திருப்தியாக உட்கார்ந்தார். விருந்தினர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஐம்பதை அடித்தார், பக்கத்தில் சைபர் போட்டார், திருத்தியதற்கு அத்தாட்சியாகத் தன் கையெழுத்தையும் போட்டார். "எங்க வேலையில தெரியாதத எழுதாம விட்ட ஒரே ஒரு ஆள நான் பார்த்திருந்தேன்னா, ரெண்டு பாலம் உருப்பட்டிருக்கும்" என்று சொல்லிப் பதக்கத்தை அவள் கழுத்தில் மாட்டினார். பிறகு ஐந்து பிள்ளைகளையும் மேடைக்கு அழைத்து, சரியான விடைகளின் எண்ணிக்கையை எழுதிக்கொடுத்தேன். கோகுலுக்கு 'எட்டு' என்று பெரிதாகவே எழுதினேன்.

வெளியே வந்தபோது தர்ஷினியின் அப்பா ஆட்டோ பக்கத்தில் நின்றிருந்தார். முகம் சரியில்லை.

"டீச்சர், ஸ்டிக்கர எடுத்துடணுமா?"

"பள்ளி முதலிடம்னுதான போட்டிருக்கீங்க? அது நெஜம்தான்."

"யாராவது மார்க் எவ்ளோன்னு கேட்டா?"

"கேட்டா சொல்லுப்பா" என்றாள் தர்ஷினி, பதக்கத்தைக் கடித்துப் பார்த்துக்கொண்டே.

அவருக்கு என் மேல் கோபம் இருந்தது. இருக்க வேண்டியதுதான். பிள்ளையை ஊரே பார்க்க இப்படி நிறுத்தியது நான். அவர் கேட்காவிட்டாலும் மன்னிப்புக் கேட்டேன். 'பரவாயில்லை' என்று அவர் சொல்லவில்லை. ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஸ்டிக்கரை மட்டும் எடுக்கவில்லை.

அடுத்த வருடம் மைனஸை எடுத்துவிட்டோம். பதக்கம் வாங்கக் குறைந்தது ஐந்து விடையாவது சரியாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்தோம். கோலக்காரர்கள் திரும்பி வருவார்களே என்று கேட்டவர்களுக்கு, வந்துவிட்டுப் போகட்டும் என்று சொன்னேன். முடிவு வந்த மறுநாள் நானும் சலீம் சாரும் முறையீடுகளுக்காக எங்கள் பள்ளியில் உட்கார்ந்திருந்தோம். முதல் ஆளாக தர்ஷினி வந்து நின்றாள். ஐந்தாம் வகுப்பு. ஒரு சாண் வளர்ந்திருந்தாள். அப்பா வாசலில் ஆட்டோவிலேயே இருந்தார்.

"போன வருஷம் ஒன்னுமே எழுதாம மெடல் வாங்கினேன். இந்த வருஷம் பதினோரு கணக்கு கரெக்டு. கோகுல் ஃபர்ஸ்ட்டு, நான் தேர்டு, ஒன்னும் இல்ல. அது எப்படி மிஸ்?"

சலீம் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதிலிருந்து சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"தெரியலம்மா" என்றேன்.

"சரி, இத சொல்லுங்க" என்று கேள்வித்தாளை மேஜையில் விரித்தாள். "பதினாலாவது எனக்கு ஏன் தப்பு?"

அது நான் எழுதிய கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் பாதை. தொடங்கும் இடத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தல், பிறகு கிலோமீட்டருக்கு ஒன்று. மொத்தம் எத்தனை பந்தல்? அவசரக்காரர்கள் பதினான்கு என்பார்கள், தொடக்கத்தில் இருப்பதைச் சேர்த்தால் பதினைந்து. வேலிக்குக் கம்பு நடும் கணக்கு மாதிரி ஒரு பொறி.

"ஆரம்பத்துல ஒன்னு இருக்குல்லம்மா? அதயும் சேர்த்தா பதினஞ்சு" என்று பெருமையாக விளக்கினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "மலையச் சுத்தி வந்தா ஆரம்பிச்ச எடத்துக்குத்தான மிஸ் வருவோம்? மொதல் பந்தலும் கடைசிப் பந்தலும் ஒன்னுதான?"

இந்த ஊரில் பிறந்து, அந்த மலையை எத்தனையோ பௌர்ணமிக்குச் சுற்றியவள் நான். சலீம் சார் ஜன்னலிலிருந்து திரும்பினார். இப்போது சிரிக்கவில்லை, விடைக்குறிப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நான் வைத்த பொறியில் விழுந்த பிள்ளைகள் எல்லோரும் சரி. தப்பித்தவர்கள்தான் தப்பு.

நாற்பது பள்ளிகளின் தாள்களையும் மறுபடி எடுத்தோம். திருத்திய பட்டியலை, தவறு விடைக்குறிப்பில்தான் என்ற என் கடிதத்தோடு, எல்லோருக்கும் அனுப்பினோம். இரண்டு பள்ளிகளில் பதக்கம் கை மாறியது. திட்டும் வாங்கினேன். தர்ஷினிக்குப் பன்னிரண்டு சரி என்று ஆனது. ஆனால் அவளுக்கு மேலே இருந்த இரண்டு பேரும் அதே பதினான்கைத்தான் குறித்திருந்தார்கள். அவர்களுக்கும் ஏறியது. அவள் மூன்றாமிடத்திலேயே நின்றாள்.

இதை வாட்ஸ்அப்பில் தெரிந்துகொள்ள விடக் கூடாது என்று நானே அவள் அப்பாவின் எண்ணுக்கு போன் செய்து அவளைக் கூப்பிடச் சொன்னேன். நடந்ததைச் சொல்லி, "உன் இடம் மாறலம்மா" என்றேன்.

"பரவால்ல மிஸ்" என்றாள். "தப்பு யாருதுன்னு தெரிஞ்சுதுல்ல."